இருபத்து மூன்று முறை அழித்த வரி

அண்ணிக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. ஏழு மணிக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். அவள் பங்கோ வெறும் தலைப்போடு நிற்கிறது.

அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். இணையத்தில் இலவசமாக ஒரு பயிற்சி கிடைக்க, இருவரும் சேர்ந்தார்கள். சான்றிதழ் வந்தால் ஈர மூட்டை தூக்குவதை விட்டு மேற்பார்வைக்குப் போகலாம். அண்ணியின் இடுப்பு இன்னொரு வருடம் தாங்காது. பயிற்சியின் கடைசி வேலை, இருவர் சேர்ந்து எழுதும் அறிக்கை. இணையத்தில் ஒரே கோப்பு, அவரவர் கைபேசியில் திறந்து எழுதலாம். தொற்றுத் துணிகளைப் பிரிப்பது நாத்தனார் பங்கு. கிருமிநாசினியை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்ற கணக்கு அண்ணி பங்கு.

ஒன்பது வருடமாக வாளியும் குவளையுமாகக் கண்ணளவில் கலப்பவள், ஒருநாளும் பிசகியதில்லை. அதையே விழுக்காட்டில் எழுதச் சொன்னால் தலைகால் புரியவில்லை. நாத்தனாரைக் கேட்கலாம். ஆனால் அவளுக்குச் சலவைக் கூடத்து வேலையை வாங்கிக் கொடுத்தவளே அண்ணிதான். அவளிடம் போய்க் கைகட்டி நிற்பதா? “முடிஞ்சுதா அண்ணி?” என்று கேட்கும்போதெல்லாம், “முக்கால்வாசி முடிஞ்சுது” என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தாள். பிறகு கோப்பைத் திறந்து, “எனக்கு இந்தக் கணக்கு புரியல, சொல்லித் தா” என்று தட்டுவாள். உடனே அழித்துவிடுவாள். பத்து நாளாக இதே கூத்து.

ஐந்தரை மணிக்குப் பயிற்சியாளர் செய்தி அனுப்பினார். யார் எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள் என்று கோப்பின் வரலாற்றில் பார்ப்பாராம். அழித்ததுமா? அண்ணி அந்த வரலாற்றைத் தேடித் திறந்தாள். அவள் பெயர், அதே வரி, அதன் குறுக்கே அடித்த கோடு. இருபத்து மூன்று இடத்தில். கைபேசியைத் தலையணைக்கடியில் செருகினாள், எடுத்தாள், கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கடைசியில் நாத்தனாரின் அறைக்கதவைத் தள்ளினாள்.

“ஏய், நாம அழிச்சதெல்லாம் அதுல அப்படியே இருக்காம், தெரியுமா?”

“அழிச்சதை எதுக்கு அண்ணி தேடணும்? நானும் அந்த நேரம் எழுதிக்கிட்டுதானே இருந்தேன். நீங்க தட்டத் தட்ட என் போன்லயும் தெரிஞ்சுது.”

அண்ணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “பத்து நாளா வேடிக்கையா பார்த்தே? வந்து சொல்லிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?”

“அழிச்சிட்டீங்களே. பார்த்ததா காட்டிக்கிட்டா உங்களுக்குச் சங்கடம்னு நினைச்சேன்.” நாத்தனார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். முழுக் கணக்கும் வாளியும் குவளையுமாக, அண்ணி அளக்கும் அளவிலேயே எழுதியிருந்தது. முதல் பக்கத்தின் தேதி ஒன்பது நாள் பழையது. “கேட்பீங்கன்னு எழுதி வச்சேன்.”

அண்ணி தொண்டையைச் செருமினாள். விரலுக்கு மனப்பாடமான வரி, வாய்க்கு வர மறுத்தது.

“எனக்கு இந்தக் கணக்கு புரியலடி.”

“உட்காருங்க அண்ணி,” நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள். “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.”