இன்னும் ஒரு படி

நூலகத்தின் நிலவறையில் நூலகரம்மா குழந்தைகளுக்குக் கிரேக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டுக்காரன் ஆர்ஃபியஸ், செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டி வருகிறான். இருவரும் வெளியே வரும்வரை முன்னே போகிறவன் திரும்பக் கூடாது. அவன் வெளியே வந்ததும் திரும்பிவிட்டான். உள்ளேயே நின்ற அவள் இருட்டோடு கரைந்துபோனாள்.

"சரியான அவசரக்குடுக்கை! ஒரு நிமிஷம் பொறுத்தா என்னவாம்?" என்று நூலகரம்மா எப்போதும்போல் அவனைத் திட்டினாள்.

பிறகு அதையே விளையாடினார்கள். அவள் முன்னே படியேற, செருப்பை மேலேயே விட்டுவந்த பிள்ளைகள் வெறுங்காலோடு பின்தொடர்ந்தார்கள். பாதி வழியில், எல்லோருக்கும் பின்னால் ஒரு பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, மறுகால் இழுத்து இழுத்து. போன வருஷம் இறந்த அவள் கணவனின் நடை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

வாசலைத் தாண்டினாள். பிள்ளைகள் அவளைக் கடந்து வெயிலுக்கு ஓடினார்கள். பூட்ஸ் சத்தம் சட்டென்று நின்றது. மனசு கேட்கவில்லை, திரும்பினாள்.

படிகள் காலியாக இருந்தன.

கடைசியாக வந்த சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன மிஸ் நீங்க? அந்த மாமாவுக்கு இன்னும் ஒரே ஒரு படிதானே இருந்துச்சு!"