மூக்கையா அண்ணன் படத்தில் பதினேழு அம்புகள்

எங்கள் காம்பவுண்டில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். குழாயடி அப்படி. மூக்கையா அண்ணனின் கணையம் பெருத்த சேதி சனிக்கிழமை சாயங்காலமே மூன்று சந்து தாண்டிவிட்டது. வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுத்திருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "கணையம் பெருசா இருக்குதுங்க. திங்கக்கெழம டாக்டரப் பாத்துருங்க" என்றதோடு சரி. மீதியைப் பயம் நிரப்பிக்கொண்டது.

அண்ணன் உசிலம்பட்டிப் பக்கம். இங்கே பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங். துணியில் கறையோ ஓட்டையோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். கை சும்மா இருக்குமா? ஸ்கேன் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கறுப்பாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒட்டித் தள்ளினார். பதினேழு.

"ஒரு பீசுல நாலு டேமேஜ் இருந்தாலே ரிஜக்ட்டு, சீனி. எனக்குப் பதினேழு."

மனைவி சீனியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். அண்ணனோ அஞ்சலி பிளக்ஸுக்குப் போட்டோ தேட ஆரம்பித்தார். கூலிங்கிளாஸ் போட்டதா, போடாததா? ஞாயிறு பூராவும் காம்பவுண்டே கூடி ஓட்டெடுத்தோம். கூலிங்கிளாஸ் ஜெயித்தது.

திங்கட்கிழமை துணைக்கு நானும் போனேன். ஒரு மனிதாபிமானம்தான்.

டாக்டர் மகுடேஸ்வரன் படத்தை விளக்குப்பெட்டியில் மாட்டினார். "ஏனுங்க, இதென்ன அம்பு?"

"டேமேஜுங்கய்யா."

"இது நுரையீரலுங்க. காத்து இருந்தா கறுப்பாத்தான் தெரியும். இது குடல்ல இருக்கற வாயு." அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். "கணையம் இதா. பெருத்துத்தான் இருக்குதுங்க. ஆனா கட்டி இல்லீங்க. கணையம் இருக்கற எடத்துல கொழுப்பு வந்து ஒக்காந்துருக்குது. தொப்பைல தோலுக்கடியில இருக்கற கொழுப்பையும் பாருங்க, ரெண்டும் ஒரே நெறம்."

அண்ணன் படத்தில் மூக்கு உரசக் குனிந்தார். அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். "ஷேடு ஒண்ணுதேன்! ஒரே சாயத்துல முக்குன லாட்டு!"

"எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுத்து உறுதி பண்ணிக்கலாம். சுகரும் பாத்துருங்க. பயப்படாதீங்க."

சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். படத்தில் ஒரே ஒரு அம்பு மிச்சம்.

"இது எரைப்பைங்க," என்றார் டாக்டர். "உள்ள என்னமோ கெடக்குதே. ஸ்கேனுக்கு வெறும் வயித்துலதான வரச் சொன்னாங்க?"

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். "ரெண்டு புரோட்டா."

"ரெண்டுதானுங்களா?"

"அஞ்சு."

"பட்டினியா போறாரேன்னு அன்னைக்கு நானுமில்ல பச்சத்தண்ணி குடிக்காமக் கெடந்தேன்!" என்றாள் சீனியம்மாள். கடைசி அம்பை உரித்தெடுத்து, புருசன் நெற்றியில் அழுத்தி ஒட்டினாள்.

பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அதை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.