பச்சைக் கோடு

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது மகளின் கைப்பேசி அதிர்ந்தது. துக்கம் கேட்க யாராவது அழைப்பார்கள் என்று எடுத்துப் பார்த்தாள்.

'அப்பா: இதயத் துடிப்பு கூடுகிறது' என்று இருந்தது. கீழே ஒரு கோடு ஆரஞ்சு நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்பா கட்டிலில் கிடந்தார். காலையில் பஸ் டிப்போவில் நாற்காலியிலிருந்து சரிந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். தெரிந்தும் அவள் குனிந்து அவர் மார்பில் காதை வைத்தாள். கஞ்சி போட்ட சட்டை கன்னத்தில் உரசியது. அவ்வளவுதான்.

பிறகு அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். துடிப்பை அளக்கும் பட்டை இல்லை. வெயிலில் கறுத்த மணிக்கட்டில், பட்டை இருந்ததற்கான வெளுத்த தடமும் இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் பதிவு மேசையில் இருப்பவள். வேலை அழுத்தத்தால் ரத்த அழுத்தம் ஏறியவர்களுக்கு, மாத்திரையோடு மூச்சுப் பயிற்சியும் தந்தால் குணம் தெரியுமா என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. படபடப்பு கூடினால் கையில் கட்டிய பட்டை அதிரும். உடனே நிறுத்தி, மூச்சை நீளமாக விடவேண்டும். கோடு அடிக்கடி சிவந்தால் டாக்டர் கூப்பிட்டு மருந்தை மாற்றுவார். டிப்போவில் டைம்கீப்பரான அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். நச்சரித்து அவரைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். அன்றிலிருந்து அவருடைய கோடு அவள் கைப்பேசியிலும் ஓடியது. எப்போதும் பச்சை.

போன வாரம் அப்பா போனில், "தலை ஒரே கனமா இருக்கும்மா" என்றார். அவள் கோட்டைப் பார்த்துவிட்டு, "பச்சையாத்தாம்ப்பா இருக்கு, தூக்கம் பத்தலை போல" என்றாள். அவரும் சரி என்று வைத்துவிட்டார்.

வாசலில் டிப்போ டிரைவர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவது கேட்டது. "நேத்துகூட என்னை நார்நாராக் கிழிச்சார். அவர் திட்டினாத்தான் என் வண்டி இஞ்சின் சூடாகும். இனிமே தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

நேற்றும் கோடு பச்சையாகத்தான் இருந்தது.

மகள் சமையலறைக்குப் போனாள். அம்மா கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரின் கை விரல் வரை இழுத்துவிடப்பட்டு, நுனி நனைந்திருந்தது. உள்ளேயிருந்து மெல்லிய 'ர்ர்ர்' சத்தம் வந்தது.

"அம்மா. கையைக் காட்டு."

அம்மா குழாயை மூடினாள். கையைக் காட்டவில்லை.

"உங்கப்பாதான் குடுத்தார். முதல் வாரத்துலயே. டிப்போவுல வாயைத் திறந்தாலே இது அதிருதாம். 'சார், உங்க சட்டைக்குள்ள வண்டு கத்துது'ன்னு கேலி பண்றாங்களாம். நீ போட்டுக்கோடி, வீட்டுல சும்மாத்தானே இருக்கேன்னார். பரிசோதனைக்குப் போற அன்னைக்கு மட்டும் லீவு போட்டுட்டு அவர் கட்டிக்குவார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா."

"பச்சைன்னு நீ அவ்வளவு சந்தோஷமா போன் பண்ணுவே." அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அவருக்கும் பெருமைதான். 'என் நெஞ்சு வாங்காத நல்ல பேரை உன் நெஞ்சு வாங்குதுடி'ம்பார்."

மகளின் கைப்பேசியில் கோடு சிவந்திருந்தது.

"இதனாலயாடி?" என்றாள் அம்மா.

"தெரியலைம்மா."

அது உண்மைதான். ஆனால் இதனால் இல்லை என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

சாயங்காலம் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். முதல் சில நாள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு மூச்சு விடப் பழக்கியவள். அப்பா அவளை 'மூச்சு டீச்சர்' என்பார். கட்டிலின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளிடம் தணிந்த குரலில் பேசினாள்.

"இப்போ கேக்குறதுக்குத் தப்பா நினைக்காதீங்க. அந்தப் பட்டையை வாங்கிட்டு வரச் சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினாள். "எங்ககிட்ட இருக்குறவங்கள்லயே நல்லா வந்தது அவர்தான். புதுசா சேர்றவங்களுக்கு அவர் கோட்டைத்தான் காட்டுவோம். இவ்வளவு டென்ஷன் வேலையில இருந்துக்கிட்டே, மருந்தைக் கூட்டாம சமாளிக்கிறார்னு. எப்படி இப்படி ஆச்சுன்னே புரியலைங்க."

மகளுக்குப் பதிவு மேசை நினைவுக்கு வந்தது. நாளை மறுநாள் அங்கே யாராவது ஒரு மகன் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவான். அவனுக்கு அந்தக் கோட்டைக் காட்டுவார்கள். சொல்லிவிட வேண்டும். ஆனால் கதவருகே அம்மா நின்றாள். மகள் வாயைத் திறந்தாள். "அப்பா வந்து..." என்றாள். மேலே வரவில்லை.

அம்மா நடந்துவந்து அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள். நனைந்த ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை ஏற்றினாள். பட்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

"எடுத்துக்கோம்மா. ஆரம்பத்துலேர்ந்தே எங்கிட்டதான் இருக்கு."

அந்தப் பெண் பட்டையைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. வாசலில் பேச்சு ஓய்ந்திருந்ததால் 'ர்ர்ர்' சத்தம் அறை முழுவதும் கேட்டது.

அவள் பட்டையைக் கழற்றவில்லை. பழக்கத்தில் அம்மாவின் தோளில் கையை வைத்தாள்.

"மெதுவா... விடுங்கம்மா. இன்னும் நீளமா."

அம்மா மூச்சை விட்டாள். இழுத்தாள். திரும்ப விட்டாள்.

மகளின் கையில் கைப்பேசி ஒளிர்ந்தது. 'அப்பா' என்ற எழுத்துக்குக் கீழே கோடு சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. பிறகு மெல்ல இறங்கிப் பச்சையாயிற்று.