முந்நூறு கிராம் அப்பா

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், அவரைக் குடிவைக்க டேப்லெட் வாங்கப் போனோம். எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சார்ஜ் போட்டால் போதும். நன்றாகவே பேசுவார்கள்.

நான் கொஞ்ச நாளாக டேப்லெட் வீடியோக்கள் மட்டுமே பார்த்து வந்தேன். பிராசசர் எனக்கு அத்துப்படி. திரையின் வெளிச்சம் அத்துப்படி. சின்னது எட்டு இன்ச், முந்நூறு கிராம். பெரியது பதிமூன்று இன்ச், எழுநூறு கிராம். அப்பா உள்ளே போனாலும் எடை கூடாது. அதுதான் இந்த வருட மாடலின் விசேஷம். எனக்குச் சின்னதுதான் வேண்டும் என்று முதல் வீடியோவிலேயே தெரிந்துவிட்டது. படுத்துக்கொண்டே ஒரு கையில் பிடிக்கலாம்.

அப்பா நல்ல உயரம். ஸ்டூல் போடாமல் சீலிங் ஃபேனைத் துடைப்பார். இதை நான் எந்த வீடியோவின் கீழும் கேள்வியாகப் போடவில்லை.

கடையில் ஜெசிந்தா என்கிற பெண் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் இன்ச் டேப்பை எடுத்து, ஜாக்கெட்டுக்கு அளப்பதுபோல் தோளை அளந்தாள்.

"அண்ணாச்சி நடமாடுவீகளா, உக்காந்தே இருப்பீகளா?"

"எப்படி வேணும்னாலும் இருப்பேம்மா," என்றார் அப்பா.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உள்ள போறவுக வாயால சொன்னாத்தான் பில்லு போடுவோம்ணே. நீங்க சொன்னா செல்லாது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுதே."

சின்னது வாசலிலேயே இருந்தது. பெரியதைப் பார்க்க உள்ளே போக வேண்டும். நான் தயங்கத் தயங்கக் கடை நீண்டுகொண்டே போனது. கடைசியில் கடைக்குள் ஒரு டவுன் பஸ் வந்தது. ஏறினோம். அப்பாவின் தலை கூரையில் இடித்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். அவருக்குப் பழக்கம்தான்.

பஸ்ஸில் எதிர்வீட்டுக் கோமதிநாயகம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய டேப்லெட். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே அவருடைய அப்பா குளித்துவிட்டு, துண்டை உதறியபடி இங்கும் அங்கும் நடந்தார்.

"கை வலிக்காதாண்ணே?" என்று கேட்டேன்.

"வலிக்கும்."

"பெறவு?"

"அப்பால்லா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வாஷிங் மெஷின்கள் போய்க்கொண்டிருந்தன.

பெரியதில் அப்பாவை ஏற்றிப் பார்த்தோம். ஜெசிந்தா திரையை லேசாகத் தூக்கிக் கொடுத்தாள். அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். நிமிர்ந்தார். கையை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தார். எதிலும் இடிக்கவில்லை. மறுபடி தூக்கிப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார். அவர் சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. திரை அவ்வளவு துல்லியம்.

"ஏல இசக்கி, காத்து வருதுல!"

என் மணிக்கட்டு வலித்தது. ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பெரிய அப்பாவைப் பிடித்தபடி, மிகவும் அக்கறையான குரலில் ஒன்று கேட்டேன்.

"யப்பா, உள்ள ரொம்ப வெறிச்சுன்னு இருக்கோ?"

நடை நின்றது. அப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நானும் நடுங்கவிட்டேன்.

"ஆமால," என்றார். "வெறிச்சுன்னுதான் கெடக்கு. எனக்கு எதுக்கு இம்புட்டு எடம்? சின்னதே போதும்."

"சொல்லிட்டாக," என்றேன் ஜெசிந்தாவிடம்.

"கேட்டுச்சு," என்றாள் அவள்.

திரும்பி வர பஸ் தேவைப்படவில்லை. ஒரு எட்டு வைத்ததும் வாசல் வந்துவிட்டது.

சின்னதில் அப்பா முதலில் காலை மடக்கினார். பிறகு முதுகை. பிறகு முகவாயை முழங்காலில் வைத்துக்கொண்டார். செருப்பு வெளியே நின்றது. அதற்கு உள்ளே இடமில்லை.

"எப்படிப்பா இருக்கு?"

"அம்சமா இருக்குல."

ஜெசிந்தா சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி எடுத்துப் போவது? எங்கள் வீட்டில் சைக்கிள், மிக்ஸி, பிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அப்பாதான் வைப்பார். அவர் உள்ளே இருந்ததால் நான் வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து, மேலே நட்டநடுவில் அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். எடுப்பாக இருந்தது.

"ஏல, கரண்டு போயிட்டா?" என்றார் அப்பா.

பொட்டு, கேமரா மேல் உட்கார்ந்திருந்தது. அப்பா வெளியே பார்ப்பது அந்த ஓட்டை வழியாகத்தான். இந்த ஒன்று எனக்குத் தெரியாததல்ல.

"ஆமாப்பா. போயிட்டு."

"தொடைக்கட்டாண்ணே?" என்று ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள்.

துடைத்தால் அப்பா என் முகத்தைப் பார்ப்பார்.

"வேண்டாம். காயட்டும்," என்றேன்.

அவள் அப்பாவின் செருப்பைப் பையில் போட்டுக் கொடுத்தாள். அது டேப்லெட்டைவிடக் கனமாக இருந்தது.

தெருவில் கோமதிநாயகம் அண்ணன் மூச்சு வாங்க எதிரே வந்தார். "எங்கடே அப்பா?" என்றார். நான் செருப்புப் பையைக் காட்டினேன். அவர் பைக்குக் கும்பிடு போட்டார். அப்பா என் சட்டைப் பைக்குள் இருந்தார். கொஞ்சம் அமுக்கினால் அதிலேயே அடங்குகிறது. இதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மத்தியானம் கட்டிலில் படுத்தேன். ஒரு கையில் பிடித்தேன். வலிக்கவே இல்லை. மேலே ஃபேன் சுற்றியது. றெக்கையில் தூசி.

"கரண்டு வந்துட்டா? ஃபேன் சத்தம் கேக்கு," என்றார் அப்பா.

எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

"இல்லப்பா. இன்னும் வரல."

வியர்த்தது. பனியன் நனைந்தது. தலையணை நனைந்தது. இரண்டு பேரும் கரண்டுக்காகக் காத்திருந்தோம்.

"ஒனக்கு வேர்க்குமேல," என்றார் அப்பா. "எதையாவது எடுத்து விசிறிக்கோயேன்."

கையில் இருந்ததைக்கொண்டே விசிறினேன். லேசாகத்தான் இருந்தது. விசிற நன்றாக இருந்தது.

"ஏல," என்றார் அப்பா உள்ளேயிருந்து. "இங்கயும் காத்து வருதுல."