முப்பத்தெட்டுக் கட்டம்

"இன்னும் கொஞ்சம் பெருசாக்கு" என்றார் அண்ணன்.

தங்கை பெரிதாக்கினாள். அச்சகக் கம்ப்யூட்டரின் திரையில் அக்காவின் மூக்கு ஏழெட்டுச் சதுரங்களாக உடைந்து நின்றது. அண்ணன் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்பி வரும்போதும் சென்ட் அடித்துக்கொள்ள மறக்காத மனிதர்.

"என்னது இது, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி?"

"இதுல இருக்கறதே அவ்வளவுதாண்ணா."

அக்கா நேற்று மதியம் இறந்துபோனாள். பேருந்து நிலையத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் மைக்கில் அறிவிக்கிற வேலை அவளுக்கு. ஒரு வண்டி கிளம்புவதைச் சொல்ல ஆரம்பித்து, அது எந்த ஊருக்கு என்பதைச் சொல்லாமலே மேசையில் சாய்ந்துவிட்டாள். இதயம் என்றார்கள். இருபது வருடம் அவள் குரலைக் கேட்டு ஓடி ஓடி வண்டி பிடித்தவர்களில் பத்துப் பேர்கூட அவள் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். பிறவியிலேயே அவளுக்கு இடது இமை பாதிதான் திறக்கும். யாராவது கேமராவை எடுத்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இன்று நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் தலைமாட்டில் மூன்றடி உயரத்துக்கு ஒரு படம் நின்றாக வேண்டும் என்பது அண்ணனின் தீர்மானம். உயிரோடிருந்தபோது அக்கா வீட்டுக்கு அவர் எத்தனை தரம் வந்தார் என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு கையே அதிகம். அவருடைய ஃபர்னிச்சர் கடை வாசலில் அவர் முகம் எட்டடி உயரத்துக்கு நிற்கிறது. அந்த முகத்தின் இரட்டைத் தாடையை இதே அச்சகத்தில், இதே மேசையில் உட்கார்ந்து இவள்தான் செதுக்கி எடுத்தாள்.

பதினான்கு வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. வருகிற படங்களைச் சரிசெய்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். தபால் தலையளவுப் படத்தைக் கொண்டுவந்து சுவரளவுக்குக் கேட்கிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. அவர்களை நிற்கவைத்தே விளக்குவாள்: கம்ப்யூட்டரில் படம் என்று ஒன்று கிடையாது, கட்டம் போட்ட தாள்தான் உண்டு; ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நிறம், அந்த நிறமும் வெறும் எண்தான். கட்டங்கள் பொடியாக, நெருக்கமாக இருக்கிறவரைக்கும் கண் அதை முகம் என்று நம்பும். இழுத்துப் பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும், முகம் பெரிதாகாது. கேட்டு முடித்தவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

இப்போது அதையே அண்ணனிடம் சொன்னாள். அக்காவின் முகம் குறுக்கே முப்பத்தெட்டுக் கட்டம், நெடுக்கே நாற்பத்தாறு. நன்றாக அச்சிட்டால் ஒரு அரிசி அகலத்துக்கு வரும்.

"டிவில போலீஸ்காரன் ஓடற கார் நம்பரையே பெருசாக்கிப் படிக்கிறான். உனக்கு ஒரு மூஞ்சியப் பெருசாக்கத் தெரியலையா?"

"அது கதைண்ணா. இல்லாதத எங்கேருந்து கொண்டு வர்றது?"

அண்ணன் நிமிர்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அத்தானைப் பற்றி ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவன் பெண்டாட்டியின் ஒரு படத்தை உருப்படியாக வைத்திருக்கிறானா? அடையாள அட்டையில் இருப்பதோ வெளிறிப்போய் ஆவி மாதிரி இருக்கிறது. கையில் இன்னும் பட்டன் போன். குழாய் ரிப்பேருக்குப் போகிறவனுக்குக் கட்டிக்கொடுத்தால் இப்படித்தான், முகம்கூட மிஞ்சாது. இதைக் காலையிலிருந்து வீட்டில் நான்கு பேரிடம் சொல்லியாயிற்று. அதில் இரண்டு தரம் அத்தானை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே சொன்னார். அத்தான் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

தங்கை அப்போதும் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை.

அத்தான் படங்களை வைத்துத்தான் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் பழைய போன் பழுதானபோது அதன் மெமரி கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, உன்கிட்ட இருந்தா பத்திரம் என்று இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நானூற்றுச் சொச்சம் படங்கள். கார்டைக் காலிசெய்து அவற்றை அச்சகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவைத்தவள், ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தாள். பாதியில் தலை இல்லை, மீதியில் யாருடைய கட்டைவிரலோ குறுக்கே நின்றது. வெளிச்சத்துக்கு எதிரே நிற்கவைத்து எடுத்தவை, ஓடிக்கொண்டே எடுத்தவை, ஒரே சோபாவைப் பன்னிரண்டு தரம் எடுத்தவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாம் எவன் அச்சிடப்போகிறான்?

அது கல்யாண சீசன். கம்ப்யூட்டரில் இடமில்லை. வாடிக்கையாளர்களின் ஆல்பத்தைத் தொட முடியாது. அக்காவின் படங்கள் அத்தனையையும் முந்நூற்றிருபது கட்டம் அகலத்துக்குச் சுருக்கச் சொல்லி, பழையவற்றின் மேலேயே எழுதச் சொல்லி, ஒரே கட்டளை போட்டாள். அவள் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. சுருங்கியதையே கார்டில் ஏற்றி, அதை அத்தானிடம் திருப்பிக் கொடுத்தாள். முன்பின் தெரியாத நூறு மாப்பிள்ளைகளின் பல்லிடுக்குவரை அந்தக் கம்ப்யூட்டரில் இன்னும் முழுசாக இருக்கிறது.

பேருந்து நிலைய மாடியில் கூட வேலை செய்கிற மூன்று பேரோடு அக்கா நிற்கிற படம் இது. நானூற்றில் இந்த ஒன்றில்தான் கேமராவை நேராகப் பார்த்திருந்தாள். அன்று என்ன தோன்றியதோ. சுருக்காமல் விட்டிருந்தால் நல்ல படம்.

"ஏதோ சாஃப்ட்வேர் இருக்காமே, தானா முகத்த வரைஞ்சு குடுக்குமாமே" என்றார் அண்ணன்.

இருந்தது. அவள் அதைத் தொட்டதில்லை. ஊகத்தை உண்மை மாதிரி விற்கிற திருட்டு வேலை என்று முதலாளியிடமே சொல்லியிருக்கிறாள். இன்று திறந்தாள். அது ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு அந்த ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கட்டங்களிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தது. வழுவழுவென்று கன்னம், ஒவ்வொரு முடியாக எழுதிய புருவம், அளவெடுத்த மாதிரி இரண்டு கண்கள். பழைய படத்தில் வலது கண்ணுக்கு ஐந்து கறுப்புக் கட்டம் இருந்தது, இடதுக்கு மூன்றுதான். மென்பொருள் அந்தக் குறையை அழுக்கு என்று நினைத்து நிரப்பியிருந்தது. உலகத்தில் எத்தனையோ பெண்களின் முகத்தைச் சராசரி பார்த்து அக்காவின் கழுத்தில் ஒட்டியிருந்தது.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "இதான் வேணும். இப்பதான் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கா."

"கண்ணு தப்புண்ணா. அந்த இமைய நான் கையால எறக்கிடறேன். அஞ்சு நிமிஷம்."

"அத எதுக்கு ஊருக்குக் காட்டணும்? போறப்பவாவது லட்சணமா போகட்டும். விடு."

விட்டாள். வேறு எவனாவது கேட்டிருந்தால் அவனுக்கு அரைமணி நேரம் பாடம் நடந்திருக்கும். பாடம் ஆரம்பித்தால் மெமரி கார்டு வரை போக வேண்டியிருக்கும். அவள் அச்சுக்குக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் படம் வீட்டுக்கு வந்தது. கூடத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால், தலைமாட்டில், ஒரு நாற்காலியின் மேல் அண்ணனே தூக்கி நிறுத்தினார். தள்ளி நின்று பார்த்து, ஒரு விரற்கடை நகர்த்தினார். வந்தவர்கள் பெட்டிக்குள் ஒரு பார்வை, படத்தை ஒரு பார்வை என்று பார்த்துவிட்டு, இரண்டில் சுலபமானது படம் என்று அதன் முன்னாலேயே நின்றார்கள். என்ன களை, என்ன களை என்றாள் எதிர்வீட்டுக்காரி. அக்காவோடு தண்ணீருக்கு வருடக்கணக்கில் சண்டை போட்டவள்.

அத்தான் மட்டும் எழுந்து வந்து படத்துக்குக் கிட்டத்தில் நின்றார். குழாய் அடைப்பைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு இது?" என்றார்.

அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது.

"யாரா? கட்டினவளத் தெரியலையா மாப்ள? ஒரு போட்டோ ஒழுங்கா வைக்கத் துப்பில்ல. எங்கேயோ கெடந்தத எடுத்து இவ பாடுபட்டு உசுரு குடுத்திருக்கா. கேக்கறாரு பாரு கேள்வி."

அத்தான் திரும்பவும் தரையைப் பார்த்தார். நாளைக்கு அண்ணன் கடைக்குப் போய்விடுவார். பெண்டாட்டி முகத்தைத் தொலைத்தவன் என்ற பெயர் மட்டும் இந்த மனிதரோடு இந்தத் தெருவில் தங்கிவிடும். இன்னும் முக்கால் மணி நேரத்தில் பெட்டியை மூடிவிட்டால் அப்புறம் யாருக்கும் எதையும் திருத்தத் தோன்றாது.

"அவரு வச்சிருந்தாருண்ணா" என்றாள் தங்கை. "பத்திரமா வைன்னு என்கிட்ட குடுத்தாரு. நான்தான் எல்லாத்தையும் சுருக்கிட்டேன். இடம் வேணும்னு."

சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று தெரிந்தது. அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு யாரையோ அழைப்பதற்கு என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவள் அத்தானின் பக்கத்தில் போய் நின்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர், மெல்ல. "கார்டு திரும்பி வந்த அன்னிக்கே உங்கக்கா போன் கடைல போட்டுப் பாத்தா. எல்லாம் கட்டங்கட்டமா இருந்துச்சு."

"ஏன் அத்தான் யாருமே கேக்கல?"

"நான் கேக்கலாம்னுதான் கெளம்பினேன். அவதான் வேணாம்னா. கேட்டா பாடம் எடுப்பா, விடுங்கன்னா."

அதைச் சொன்னபோது அவர் குரல் அக்காவின் குரல் மாதிரியே ஆனது. மூன்று வருடம். அதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவள் இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அக்கா பரிமாறிக்கொண்டே, வேலையெல்லாம் எப்படிப் போகுது என்று கேட்டிருக்கிறாள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. மூடிக்கு ஆணி எடுத்துக்கொண்டு வந்தவர் ஓரமாக நின்றார்.

தங்கை போனை எடுத்தாள். பெட்டியின் கால்பக்கம் போய் நின்று, நெஞ்சுயரத்துக்குத் தூக்கினாள். மூவாயிரத்துச் சொச்சம் கட்டம் அகலத்துக்கு எடுக்கிற போன். அக்கா இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இரண்டு இமையும் ஒரே மாதிரி மூடியிருந்தன. திரையில் முகம் தேடுகிற சின்ன மஞ்சள் சதுரம் தோன்றி, அக்காவின் மேல் ஒரு கணம் அலைந்தது. பிறகு மேலே ஏறி, நாற்காலியில் இருந்த படத்தின் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விரலால் கீழே தொட்டு இழுத்தாள். வந்தது; மறுபடியும் மேலே போனது.

அத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியிடம் போய், படத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார்.

திரையில் இப்போது சதுரமே இல்லை, அக்காவின் முகம்தான் இருந்தது. அவள் கையை இறக்காமல் நின்றாள்.