காந்தத்துக்கு வைத்த பொட்டு

பஞ்சில் சந்தன வாசனை அடித்தபோதுகூட நீரஜாவுக்கு உறைக்கவில்லை. மைக்ராஸ்கோப் தட்டுக்குக் கீழே மாட்டியிருக்கும் விரல் நீளக் காந்தத்தைக் கழற்றி ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதன் ஒரு முனையிலிருந்த சிவப்புப் புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது. அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. அது நெயில் பாலிஷ் அல்லவா? நெயில் பாலிஷ் எங்கேயாவது தண்ணீரில் அழியுமா?

அடையாற்றில் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் மணிகளை அடுக்குவதுதான் அவள் வேலை. கோக்கிற மணியில்லை, தலைமுடியைப் பொடிப்பொடியாக நறுக்கினாற்போன்ற கண்ணாடித் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் துளிக் காந்தமும் மூன்று வண்ணக் கோடுகளும். ரத்தத்தில் ஊறவைத்துத் தட்டின் பள்ளங்களில் விட்டால், காந்தம் எல்லாவற்றையும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுக்கவைக்கும். எந்த மணி ஒளிர்கிறதோ அதன் கோடுகளை இடமிருந்து வலமாகப் படிக்கவேண்டும். நீலம், மஞ்சள், சிவப்பு என்றால் ஜெர்மன் தட்டம்மை எப்போதோ வந்துபோனது, பயமில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் இப்போதுதான் வந்திருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. காந்தம் திரும்பினால் மணியும் திரும்பிவிடும். அதற்காகத்தான் வலப்பக்க முனையில் அந்த அடையாளம்.

பத்து நாள் முன்பு ஆயுத பூஜை. லாரிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிற ஊரில் காந்தம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று, அதை நெயில் பாலிஷையும் அழித்துவிடும் அசிட்டோன் விட்டுப் பளபளவென்று துடைத்து, கைக்கு வந்த முனையில் சந்தனமும் குங்குமமும் இட்டவள் இந்த மகராசியேதான். மறுநாள் சிவப்பைப் பார்த்து மாட்டியவளும் அவளேதான். சரிபார்க்கும் மணியின் கோடுகள் எப்படிப் புரட்டினாலும் ஒன்றுபோல இருக்கும், அதனால் ஒருவருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

பொட்டு இருந்த முனைக்கு அருகில் இன்னொரு காந்தத்தைக் கொண்டுபோனாள். ஒட்டவேண்டிய முனை விலகி ஓடியது.

"ஜோதி!" என்று வாய்விட்டு அலறினாள்.

கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் ரத்னாவின் மகள் ஜோதிலட்சுமி. மூன்று மாதக் கர்ப்பம். ஜுரமும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்திருந்தன. ரத்னா கெஞ்சியதால் அவள் ரத்தத்தையும், அதேபோல ஜுரத்தில் படுத்து எழுந்த தன் ரத்தத்தையும் விஜயதசமிக்கு மறுநாள் நீரஜா ஒரே தட்டில் வைத்தாள். நீரஜாவுக்கும் அப்போது மூன்றாம் மாதம். தனக்குப் பயமில்லை என்று வந்தது. ஜோதிக்கு ஆபத்து என்று வந்தது. அன்று ரத்னாவை நிமிர்ந்து பார்க்கவே கூசிப்போனாள்.

இன்று பத்து மணிக்கு ஜோதிக்குக் கருவைக் கலைக்கப்போகிறார்கள். மணி ஒன்பதே முக்கால்.

நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டால் எங்கேஜ்டு, மறுபடியும் எங்கேஜ்டு. தெருவுக்கு ஓடி ஆட்டோவில் விழுந்தாள். மந்தைவெளி சிக்னலில் நின்ற நேரத்தில் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். ஆழ்வார்பேட்டையில் இறங்கி மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

தியேட்டர் வாசலில் பச்சை அங்கியோடு ஜோதி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். பக்கத்தில் ரத்னா.

"நிறுத்துங்கோ! அவளுக்கு ஒண்ணுமில்லே, அந்தத் தடிப்பு வேறே ஏதோ. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன், எல்லாத்தையும் தலைகீழாப் படிச்சுட்டேன்!"

"இன்னாம்மா சொல்றே?"

"காந்தத்தைத் திருப்பி மாட்டிட்டேன் ரத்னாம்மா. ஆபத்துன்னு வந்தா ஆபத்தில்லேன்னு அர்த்தம். குழந்தை நன்னா இருக்கும்."

ஜோதி எழுந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ரத்னா திட்டுவாள், அடித்தால்கூடத் தகும் என்று நின்றாள் நீரஜா. ரத்னாவோ அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஓடியாந்து எம்பேரனக் காப்பாத்திட்டியேம்மா, நீ நல்லா இருப்பே. இவ ரத்தத்தோடதானே உன் ரத்தத்தையும் வெச்சே? உனக்குப் பயமில்லேன்னு வந்திச்சில்ல? உம்புள்ளயும் ஒரு கொறையுமில்லாம பொறக்கும்."

நீரஜா அப்போதுதான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். அதே தட்டு, அடுத்த பள்ளம், அதே திரும்பிய காந்தம். வழியெல்லாம் ஜோதி ஜோதி என்று அடித்துக்கொண்ட மனசுக்கு இது தோன்றவே இல்லை.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்டி ஆயிட்ச்சு?"

நீரஜா தன் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ரத்னாம்மா, ஜோதியோட டாக்டரைப் பாக்க டோக்கன் எங்கே வாங்கணும்?"