ஊசிகள் திரும்பிய வீடு

தையற்காரரின் மனைவி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது வீட்டிலிருந்த ஊசிகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மேசையில் கொட்டிக் கிடந்த குண்டூசிகள் மெல்ல நகர்ந்து, அவள் சமையலறைக்குத் திரும்பும்வரை கூர்முனையை அவள் மேலேயே வைத்திருந்தன.

காரணம் கிணறுதான். இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், குடத்தில் சற்று நின்றால் செம்பழுப்பாகிவிடும். தேநீர் மைபோலக் கறுக்கும். வெள்ளைத் துணியை அதில் நனைத்துவிட்டு, தைக்கக் கொடுத்தவர்களிடம் தையற்காரர் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கோ மசக்கை தொடங்கியதிலிருந்து அந்த இரும்பு வாசனை இல்லாமல் முடியவில்லை. செம்பு செம்பாகக் குடித்தாள்.

தண்ணீர் பரிசோதிக்கிறவர் வந்து பார்த்தார். “இரும்பு கொஞ்சம் ஜாஸ்தி. கறை பிடிக்கும், ருசி கெடும், அவ்வளவுதான். ஊத்தித் தெளியவிட்டு, மணல்ல வடிகட்டிக் குடிங்க” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சாவிக்கொத்து இடுப்பிலிருந்து நீட்டிக்கொண்டு அவள் வயிற்றைக் காட்டியது. தேநீர் வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

அன்றே வடிகட்ட ஆரம்பித்தார்கள். ஆனாலும் எட்டாம் மாதத்தில் ஒரு மதியம், பெரிய கத்தரிக்கோல் மேசையிலிருந்து விழுந்து, தரையில் ஊர்ந்துபோய், அவள் படுத்திருந்த அறைக் கதவில் முட்டி நின்றது. தையற்காரர் கத்தரி, ஊசி, அரிவாள்மனை எல்லாவற்றையும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். தையல் இயந்திரத்தைத் தூக்க முடியாமல், ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினார். அவள் காய்களைக் கையால் ஒடித்துச் சமைத்தாள்.

“இதெல்லாம் என்னையா தேடுது, இல்ல உள்ள இருக்கறதையா?” என்று கேட்டாள்.

“சும்மா இரு. அப்படியெல்லாம் பேசாதே” என்றார். கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

பிரசவ அறையில் கருவித் தட்டைக் கண்டதும் அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதை வெளியே கொண்டுபோயிடுங்க.” நர்ஸ் சிரித்தார். இடுக்கி தானாகத் தட்டின் விளிம்பில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. தட்டைத் துணியால் இறுக்கிக் கட்டி, தாழ்வாரக் கோடியில் இருந்த தையற்காரரிடம் கொடுத்தார். அவர் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் எதிர்ச்சுவரில் உதைத்துக்கொண்டு, தட்டை மார்போடு அணைத்திருந்தார். உள்ளே அவள் கத்தும்போதெல்லாம் அது கைகளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. விட்டால் என்ன ஆகும் என்று தெரியும். சட்டை கிழிந்தது, தோலும் கிழிந்தது, விடவில்லை. தொப்புள்கொடியைக் கொதிக்கவைத்த கண்ணாடிச் சில்லால் அறுத்தார்கள். குழந்தையின் அழுகை கேட்டதும் தட்டு வெறும் தட்டாகி அவர் மடியில் கிடந்தது.

பெண் குழந்தை. எப்படிப் படுக்கவைத்தாலும் தூக்கத்தில் மெல்லச் சுழன்று, தலை வடக்கே வந்ததும் நின்றுவிடும். முதல் வாரம் பெற்றவர்கள் இருவரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். பிறகு சுழல இடம் விட்டுப் பாயை விரித்தார்கள். இப்போதெல்லாம் மேகமூட்டமான நாளில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் திசை தெரியாமல் வந்து கேட்டால், அம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள்.

“பால் குடிச்சுட்டுத் தூங்கறா. மெதுவா கீழ வைங்க.”